ஏழாவது தண்ணீர்

ஒரு மலைச்சரிவில் ஒரு வீடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்பானை. பானைக்குள் ஒரு கைப்பிடிப் பூ. பூவின் தலைமேல் ஒரு கல். நடந்ததெல்லாம் இந்தப் பானைக்குள்தான்.

பூ என்றால் கஞ்சாப் பூ. ஆமணக்குச் செடிகளுக்கு நடுவே ஒரே ஒரு செடி வளர்த்து அறுத்தது. சட்டத்துக்கு ஆகாதது. அது வீட்டுக்காரன் சுருளியாண்டிக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி ஒச்சம்மாளின் வயிற்றுக்குத் தெரியாது.

ஒச்சம்மாளுக்கு வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தார்கள். மூடி அனுப்பிவிட்டார்கள். கொடுத்த மாத்திரை உள்ளே தங்கவில்லை. கஞ்சியும் தங்கவில்லை. விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. புகை ஒன்றுக்குத்தான் உள்ளே போக வழி இருந்தது.

செடியில் பாதியை நிழலில் காயவைத்து முதலில் கொடுத்தான். புகை தொண்டையை அறுத்தது. இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் கட்டி இருந்த இடம் கிழிந்தது. வலி போகட்டும் என்று இழுத்த புகை, வலியைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"இந்தாருங்க," என்றாள் ஒச்சம்மாள். "வலியோட கெடந்துக்கிறேன். இந்த இருமல் வேணாம். இன்னும் ஒருக்கா இருமுனேன், மிச்சத்தத் தூக்கி அடுப்புல போட்ருவேன்."

சொன்னால் செய்கிறவள். மிச்சம் இருந்ததும் இந்த ஒரு கைப்பிடிதான்.

ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டும் ஒருத்தன் வழி சொன்னான். "தண்ணியில போட்டு வைண்ணே. தெனமும் காலையில தண்ணிய மாத்து. காரமெல்லாம் தண்ணியோட போயிரும். ஊத்துன தண்ணி ஊத்துன மாதிரியே திரும்பி வரும் பாரு, அன்னைக்கு எடு. முந்தி எடுத்தா இருமல் நிக்காது. பிந்தி எடுத்தா அழுகிப் போகும்."

சுருளியாண்டி பூவைப் பானையில் போட்டான். மிதந்தது. மேலே கல்லை வைத்து அமுக்கினான். ஊற்றிலிருந்து சுமந்துவந்த தண்ணீரை ஊற்றினான்.

முதல் தண்ணீர் உள்ளே வந்ததும் கேட்டது. "இங்கே பெரிய ஆள் யார்?"

"நான்தான்," என்றது பூ.

அன்று அதற்கு அந்த நினைப்பு இருந்தது. பச்சை இருந்தது. மணம் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் போகிறவன்கூட நின்று மூக்கைத் தூக்குவான்.

"உன் பச்சையைக் கொடு."

"எதற்குக் கொடுக்க வேண்டும்?"

"கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். தலையில் கல் இருக்கிறதே, தெரியவில்லையா?"

பானை சிரித்தது. பானைக்கு வாய் பெரிது. வேலை, உட்கார்ந்திருப்பது.

கல் இன்னும் கொஞ்சம் அழுந்தி உட்கார்ந்தது.

மறுநாள் காலை முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வெளியே போனது. "பார்த்துக்கொள்," என்றது பானையிடம். "ஒரே நாள். இந்த நிறம்." சுருளியாண்டி அதை மிளகாய்ப் பாத்தியில் கொட்டினான்.

இரண்டாவது தண்ணீர் வந்தது. "முதலாவது மேல்தோலைச் சுரண்டிவிட்டுப் போய்விட்டான். நான் நடு வரைக்கும் போவேன்," என்றது. போனது. பாசி நிறத்தில் திரும்பியது. மூன்றாவது தண்ணீர் மணத்தைக் கேட்டது. அதையும் வாங்கிக்கொண்டு, நாறிக்கொண்டே போனது. எல்லாருக்கும் பெருமை. எதை எடுத்தோம் என்பதில் பெருமை. ஏன் எடுக்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான்காம் நாள் பூ பயந்துபோனது.

"கல்லே, கொஞ்சம் நகரேன். நான் மேலே போய்விடுகிறேன்."

"மாட்டேன்."

"பச்சை போய்விட்டது. மணம் போய்விட்டது. இனி எனக்கும் வைக்கோலுக்கும் என்ன வித்தியாசம்?"

"உள்ளே கேள்," என்றது கல்.

வீட்டுக்குள் ஒச்சம்மாள் முனகிக்கொண்டிருந்தாள். புருஷனுக்குக் கேட்கக் கூடாதென்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு முனகினாள். சுவருக்குத்தான் முழுதாகக் கேட்டது. சுவரை ஒட்டி இருந்த பானைக்கும் கேட்டது.

"அவளுக்கு உன் பச்சையும் வேண்டாம், மணமும் வேண்டாம்," என்றது கல். "தண்ணீரில் கரையாதது ஏதாவது உன்னிடம் இருந்தால், அது வேண்டும்."

"இருக்கிறதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் கல்."

பூ அதற்குப் பிறகு நகரச் சொல்லவில்லை.

ஐந்தாவது தண்ணீர் வைக்கோல் நிறத்தில் போனது. ஆறாவது தண்ணீர் வந்தது.

இந்த ஆறாவது கொஞ்சம் விவரமான தண்ணீர். வந்ததும் பானையிடம் விசாரித்தது. பானைதான் யார் கேட்டாலும் சொல்லுமே. "ஊற்றின மாதிரியே திரும்புகிறவன்தான் கடைசி. அவனோடு பூவை எடுத்துவிடுவார்கள். காரியத்தை முடித்தவன் என்ற பேர் அவனுக்குத்தான்."

"அந்தப் பேர் எனக்கு வேண்டும்," என்றது ஆறாவது.

பூவிடம் இன்னும் கொஞ்சம் காரம் இருந்தது. இலேசான மஞ்சளாகக் கசிந்தது. ஆறாவது தண்ணீர் அந்த மஞ்சளை அப்படியே அடியில் இறக்கியது. பூவுக்குக் கீழே, வெளிச்சம் போகாத இடத்தில் படுக்கவைத்தது. மேலே மட்டும் தெளிவாக, அசையாமல் நின்றது.

"இது பொய்," என்றது பூ.

"உனக்கு வெளியே போக ஆசை இல்லையா?"

இருந்தது. ஆறு நாளாகத் தலையில் கல். பூ வாயை மூடிக்கொண்டது.

காலையில் சுருளியாண்டி வந்து குனிந்தான். முந்தின நாள் முழுக்க அவள் ஒரு வாய் தண்ணீர்கூட இறக்கவில்லை. தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பார்த்தான். அப்படிப் பார்க்கிறவனுக்கு எதுவும் தெளிவாகத்தான் தெரியும்.

"தெளிஞ்சிருச்சு புள்ள!" என்று கத்தினான்.

"நெசமாவா?" என்றாள் உள்ளேயிருந்து. அந்தக் குரலை அவன் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

அவசரமாகக் கையை விட்டுக் கல்லைத் தூக்கினான். ஆறு நாள் ஊறிய கல். வழுக்கியிருக்கலாம். அல்லது அதுவே கையை விட்டிருக்கலாம். கல்லைக் கேட்டால் சொல்லாது. நேராகப் பானையின் அடியில் போய் விழுந்தது.

"ஐயோ, என் அடிவயிறு!" என்று பானை அலறியது.

அடியில் கிடந்த மஞ்சள் கிளம்பி மேலே வந்தது. தண்ணீர் முழுக்கப் பரவியது. சுருளியாண்டி பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னங்க?"

"இல்ல புள்ள. இன்னும் ஒரு தண்ணி ஊத்தணும்."

"சரி. ஊத்துங்க," என்றாள்.

ஆறாவது தண்ணீர் பாத்திக்குப் போகும்போது, "கொஞ்சம் மஞ்சள்தானே, யாருக்குத் தெரியும்?" என்றது.

ஏழாவது தண்ணீர் வந்தது.

"நான் எதை எடுக்க வேண்டும்?" என்று கேட்டது.

"இருந்தால் எடுத்துக்கொள்," என்றது பூ.

ஏழாவது தண்ணீர் பூவின் மடிப்பு மடிப்பாக நுழைந்து தேடியது. காம்புக்குள் போய்ப் பார்த்தது. வெளியே வந்து மறுபடியும் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. வெயில் பானையின் கழுத்துக்கு வந்தபோது அதற்கு வெட்கமாகிவிட்டது.

பானை சும்மா இருக்குமா?

"ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் நிறத்தோடு போனார்கள். நீ வந்தபடியே போகப் போகிறாய். அவ்வளவு தூரம் சுமந்துவந்தானே, எதற்கு?"

"நான் என்ன செய்யட்டும்?"

"என் அடியில் கல் விழுந்த இடம் பெயர்ந்திருக்கிறது. உரசிப் பார். சிவப்பாகக் கரையும். நல்ல நிறம். வேலை பார்த்தவன் மாதிரி தலைநிமிர்ந்து போகலாம்."

ஏழாவது தண்ணீர் அந்தப் பெயர்ந்த இடத்துக்குப் போனது. ஒரு விரல் தூரத்தில் நின்றது.

"செய்யாதே," என்றது பூ. "நாளைக்கு அவன் சிவப்பைப் பார்ப்பான். இன்னும் ஆகவில்லை என்று நினைப்பான். எட்டாவது ஊற்றுவான். ஒன்பதாவது ஊற்றுவான். நான் அழுகிப்போவேன். அவளுக்கு வேறு பூ கிடையாது."

"அப்படியானால் நான் எதற்குத்தான் வந்தேன்?"

கல்லுக்கு அந்தக் கவலை இல்லை. அது தூக்கி எடுக்கப்பட்டு மறுபடியும் பூவின் மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கு அது போதும்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"ஏங்க, நாளைக்குத் தெளிஞ்சிருமா?"

"தெளிஞ்சிரும் புள்ள."

"பாக்காமயே சொல்றீக."

"பின்ன என்னத்தச் சொல்லச் சொல்ற?"

"தெளியலன்னா தெளியலன்னு சொல்லிருங்க. காலையில மாதிரி ஆச காட்டாதீக. வலியத் தாங்கிக்கிறலாம். அதத் தாங்க முடியல."



ஏழாவது தண்ணீர் பெயர்ந்த இடத்தை விட்டு விலகி வந்தது. பூவைச் சுற்றி நின்றது. பானை என்னென்னவோ சொன்னது. காதில் போட்டுக்கொள்ளவில்லை. எடுக்க ஒன்றும் இல்லாத இடத்தில், எடுத்ததாகக் காட்டிக்கொள்ளாமல், விடியும் வரைக்கும் நின்றது. முந்தின ஆறு தண்ணீரும் இவ்வளவு பாடுபட்டிருக்காது.

காலையில் சுருளியாண்டி எட்டிப் பார்க்கவில்லை. தன் கண்ணை அவன் நம்பவில்லை. கல்லை எடுத்துவிட்டுக் கையை விட்டு அடிவரை கலக்கினான். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தான். ஒன்றில் பானைத் தண்ணீரை மொண்டான். இன்னொன்றில் குடத்திலிருந்த ஊற்றுத் தண்ணீரை ஊற்றினான். இரண்டையும் உள்ளே கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தான்.

"எது பானைத் தண்ணி? சொல்லு."

ஒச்சம்மாள் முழங்கையை ஊன்றி எழுந்தாள். அதற்கே மூச்சு வாங்கியது. ஒரு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வைத்தாள். மற்றதைத் தூக்கிப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

"தெரியலையே," என்றாள்.

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"மோந்து பாரு."

மோந்து பார்த்தாள். "தெரியலைங்க."

சுருளியாண்டி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். "கண்ணும் அவிஞ்சுபோச்சு, மூக்கும் அடஞ்சுபோச்சு ஒனக்கு," என்றான்.

"ஆமா. ஒங்களக் கட்டிக்கிட்ட அன்னைக்கே அவிஞ்சிருச்சு," என்றாள் அவள்.

டம்ளருக்குள் இருந்த ஏழாவது தண்ணீர் குறுகிப்போனது. ஒரு வேலையும் செய்யாத தண்ணீருக்கும் தனக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். அதைக் கேட்டு இரண்டு மனிதர்கள் அழாத குறையாக இருக்கிறார்கள். அதற்கு ஒன்றும் விளங்கவில்லை.

பூவை முறத்தில் பரப்பி நிழலில் வைத்தான். இரண்டு நாளில் காய்ந்தது. சாம்பல் நிறம். பார்க்க ஒன்றுக்கும் உதவாத சருகு. பானையில் இருந்த ஏழாவது தண்ணீரை மட்டும் பாத்தியில் கொட்டவில்லை. டம்ளரில் இருந்ததையும் சேர்த்து ஒரு செம்பில் ஊற்றி வைத்தான். ஊற்று தூரம். நல்ல தண்ணீரை எதற்குக் கொட்ட வேண்டும்?

மூன்றாம் நாள் காலை. சருகைக் கசக்கிச் சுருட்டினான். ஒச்சம்மாளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தான். ஒரு துணியைச் செம்பில் நனைத்துப் பிழிந்து கையில் வைத்துக்கொண்டான். இருமினால் வாய் துடைக்க வேண்டும். சென்ற முறை எச்சிலோடு ரத்தமும் வந்தது.

"பயமாருக்குங்க," என்றாள்.

"எனக்கும்தான். இழு."

பற்றவைத்தான். பூ எரிந்தது. தண்ணீர்கள் சண்டைபோட்டு வாங்கிய பச்சையெல்லாம் எங்கோ மிளகாய்ப் பாத்தியில் கிடந்தது. மணமும் அதன் பின்னாலேயே போய்விட்டது. தண்ணீரில் கரையாதது ஏதோ ஒன்று மட்டும் பூவிடம் இருந்தது. அது அவளுக்குள் போனது.

ஒச்சம்மாள் புகையை விட்டாள்.

சுருளியாண்டி அவள் தொண்டையையே பார்த்தான். துணியைத் தாடைக்குக் கீழே கொண்டுபோனான்.

மறுபடியும் இழுத்தாள். விட்டாள்.

அவன் மூச்சு விடவில்லை.

மூன்றாவது முறை இழுத்தபோது, மாதக்கணக்காக அவள் புருவத்துக்கு நடுவே கிடந்த முடிச்சு மெல்ல அவிழ்ந்தது. தோள் இறங்கியது. சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்த கை தானாகத் திறந்துகொண்டது. தலை அவன் பக்கம் சாய்ந்தது. தூங்கிவிட்டாள். அவன் அசையவில்லை.

துணிக்குள் ஏழாவது தண்ணீர் காத்திருந்தது. இப்போதாவது தனக்கு ஒரு வேலை வரும், துடைக்க ஏதாவது வரும் என்று காத்திருந்தது. வெயில் வாசற்படி ஏறி உள்ளே வந்தது. இருமல் வரவில்லை.

வராத அந்த இருமலை அது நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு எதையும் துடைக்காமலே, அவன் உள்ளங்கைச் சூட்டில், காய்ந்துபோனது.