கணவாய் விழுங்கிய தோணி

கணவாய் மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறேன். மை பீச்சி இரண்டு கையும் கறுப்பு. முதுகைக் கீறினால் உள்ளேயிருந்து ஓடு வருகிறது, வெள்ளை வெளேரென்று, குட்டித் தோணி மாதிரி. மீனுக்குள்ளே தோணி எப்படிம்மா வந்துச்சு என்று மகள் கேட்கிறாள்.

அந்தக் காலத்தில் மீனும் நண்டும் நம்மைப் போலவே வாயாடின. கணவாய்க்கு அப்போது ஓடும் இல்லை, மையும் இல்லை. கொழகொழவென்று கடலடியில் கிடக்கும். நண்டம்மாவிடம் ஒரு வெள்ளைத் தோணி இருந்தது. அவளுக்கு நீந்த வராது. பிள்ளைகளை மணல்திட்டில் மேயவிட்டு, கடல் ஏறுவதற்குள் தோணியில் போய்க் கூட்டிவருவாள்.

ஒருநாள் தோணியைக் காணோம். திட்டில் தண்ணீர் ஏறுகிறது, பிள்ளைகள் கத்துகின்றன. நண்டம்மா கரையில் இப்படியும் அப்படியும் ஓடினாள்.

"ஆமையண்ணே, என் பிள்ளைங்க போச்சே!"

"ஏன் போகுது? என் முதுகு எதுக்கு இருக்கு?"

ஆமையார் நீந்திப் போய் எல்லாரையும் ஏற்றிவந்தார். கடைசிக் குஞ்சு அவர் மூக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தது.

பிள்ளைகளைக் கண்ட பிறகுதான் நண்டம்மாவுக்குக் கோபமே வந்தது. நியாயம் கேட்கக் கடலே கூடியது. ஆமையார்தான் தலைவர்.

"இந்தக் கணவாய்தான் தோணியைச் சுத்திச் சுத்தி வந்தான்" என்றன சாளை மீன்கள்.

"நானா? அது என்ன நிறம்னுகூடத் தெரியாது. வேணும்னா தேடிப் பாருங்க!" என்று கணவாய் எல்லாக் கைகளையும் விரித்தது. உண்மையில் தோணியை அது ஆசைக்கு ஒரு சுற்றுப் போகத்தான் எடுத்திருந்தது. எல்லாரும் தேடுகிறார்கள் என்றதும் பயந்து அப்படியே விழுங்கிவிட்டிருந்தது.

"சரி தம்பி, நீ யோக்கியன். கீழே போய்ப் படு" என்றார் ஆமையார்.

கணவாய் முங்கியது. புளுக்கென்று மேலே வந்தது. மறுபடி முங்கியது. மறுபடி புளுக்!

சாளைகள் சிரித்துப் புரண்டன. "மதினி, உங்க தோணி எந்தக் காத்துக்கும் முங்காதுன்னு சொல்வீங்களே, நிசந்தான்!"

வெட்கத்தில் கணவாய்க்கு வேர்த்துக் கொட்டியது, கறுப்பாக.

"வயித்தைக் கிழிச்சு எடுத்துருவோமா?" என்றது சுறா.

"வேண்டாம். அவனும் ஒருத்தி பெத்த பிள்ளை. உசிரோட இருக்கிற வரைக்கும் சுமக்கட்டும். அப்புறம் தோணி கரைக்கு வந்துரணும், பிள்ளைங்க கைக்கு. நான் இனிமே கரையிலேயே குடும்பம் நடத்திக்கிறேன்" என்றாள் நண்டம்மா.

அன்று முதல்தான் கணவாய் முதுகுக்குள் தோணியோடு அலைகிறது, மாட்டிக்கொண்டால் மை கக்குகிறது. அலை ஒதுக்கும் அந்த வெள்ளை ஓடு தண்ணீரில் விட்டால் முங்குவதே இல்லை. இதோ, என் மகள் வாளியில் ஒன்றை மிதக்கவிட்டு, ஒரு எறும்பையும் ஏற்றி...

"ஏட்டி பிரகாசி, குழம்புக்குக் கணவாய் வருமா வராதா?" அடுப்படியிலிருந்து மாமியார் குரல்.

வந்துட்டேன் அத்தை, இந்த எறும்பு மட்டும் கரை ஏறிக்கட்டும்.