பனிக்குத் தெரியாத ஒரே வார்த்தை

ஒரு ஊர்ல ஒரு பனி இருந்துச்சு. ஆமா கண்ணு, ராஜா இல்ல, பனிதான். மலை உச்சியில ஊரு. அந்தப் பனிக்கு உலகத்துல உள்ள அத்தனை வார்த்தையும் தெரியும். யார் என்ன பேசினாலும் கேட்டு வச்சுக்கும். அப்புறம் பள்ளத்துப் பக்கம் நின்னு, அவங்க குரல்லயே பேசும். நம்பிப் போனவங்க திரும்பினதே இல்ல. அதனால பனி இறங்கினா யாரும் வாயைத் திறக்கக் கூடாது, இருந்த இடத்துலயே உக்காந்துடணும். ம் சொல்லு.

ம்.

அந்த ஊர்ல மாதின்னு ஒரு பொண்ணு, அவளுக்கு ரங்கின்னு ஒரு தங்கச்சி. போர்வைக்குள்ள புகுந்துக்கிட்டு புதுசு புதுசா வார்த்தை செய்யறதுதான் ரெண்டு பேருக்கும் வேலை. குளிர்ல பல்லு தானா கடகடன்னு தட்டுதுல்ல, அது ஜிம்புலி. "நான் எங்க தூங்கினேன், சும்மா கண்ணை மூடியிருந்தேன்"னு சொல்றவங்க விட்ட குறட்டை, பொதக்கான். சிரிக்கவே கூடாதுங்கிற நேரத்துல மூக்கு வழியா பிச்சுக்கிட்டு வருமே ஒரு சிரிப்பு, அது குக்கிலிப்பா.

"இருக்கிற பேச்சு போதாதாடி உங்களுக்கு?"ன்னு அம்மா திட்டுவா.

"போதலையேம்மா. அப்பா தூங்காமலே விடற குறட்டைக்கு இத்தனை நாளாப் பேரே இல்லையே!"ம்பா மாதி.

அப்போ ஒரு நாள் சாயங்காலம், ரங்கி ஆட்டுக்குட்டியைத் தேடிப் போனா. குபுகுபுன்னு பனி இறங்கிடுச்சு. ராத்திரி பூரா வெளியில கிடந்தா சின்னப் பிள்ளை தாங்குமா? அம்மாவுக்குப் பொறுக்கல. "ரங்கீ!"ன்னு கத்திட்டா. "இங்க இருக்கேம்மா!" ரங்கி குரல்தான், ஆனா பள்ளத்துப் பக்கம். ஓடப் போன அம்மாவோட முந்தானையை மாதி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் அப்பா விசிலடிச்சார். உய்ய்ங்! பள்ளத்துலயும் உய்ய்ங்! அப்புறம் ஊர்த்தலைவர் பறையைத் தட்டி, "எங்க இருக்க தாயீ?"ன்னார். பள்ளத்துலயும் டம் டம், "எங்க இருக்க தாயீ?" ம்?

ம்...

மாதிக்கு ஜிம்புலி வந்துடுச்சு. ஆனாலும் மூச்சை இழுத்துக் கத்தினா: "குக்கிலிப்பாஆஆ!"

பனி அப்படியே நின்னுடுச்சு. இலையில சொட்டு விழற சத்தம்கூட இல்ல. மலை மொத்தமும் யோசிச்சுது. அப்புறம் பள்ளத்துல இருந்து, வானத்துல இருந்து, ஊர்த்தலைவரோட கனத்த குரல்ல: "கு... க்கி... லிப்... பா...?"

உடனே ஒரு பாறைக்குப் பின்னாடி: "ப்ப்ஃக்!"

அதுதான்! மாதி அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே ஓடினா. மடியில ஆட்டுக்குட்டி, ரெண்டு கையாலயும் வாயைப் பொத்தி, கண்ணுல தண்ணி வழிய ரங்கி உக்காந்திருந்தா.

கையைக் கோத்துக்கிட்டு வீட்டு வாசலுக்கு வந்தாங்க. அப்போ முதுகுக்குப் பின்னாடி ஒரு குரல். யார் குரலும் இல்ல. முதல் தடவையா பனியோட சொந்தக் குரல், ஈரமா, மெதுவா:

"அப்படின்னா... என்ன?"

மாதி திரும்பிப் பார்த்தா. மலை உசரம் இருக்கிறது, அவங்க வாசல்ல குனிஞ்சு நிக்குது! ரங்கி வாயைத் திறந்தா. மாதி பொத்திட்டா.

"இன்னைக்கு நேரமாச்சுங்க. நாளைக்கு வாங்க, சொல்றோம்."

பனி சர்ர்ருன்னு மேல ஏறிடுச்சு. வானம் பூரா நட்சத்திரம்.

அன்னையிலேருந்து அது யார் குரலையும் எடுக்கிறதில்ல. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம மத்ததைப் பேசக் கூச்சமாம். தினம் விடியக்காலம் ஜன்னல்கிட்ட வந்து நிக்கும், காத்திருக்கும், போயிடும். உனக்கு அர்த்தம் தெரியும். சொல்லிடாத.

கதை மலையேறிடுச்சு, கண்ணை மூடு. ஏய், மூக்குல என்ன சத்தம்? தூங்கு.