கானாங்கோழியைக் கூப்பிட்டவர்கள்

மும்தாஜ் டீச்சருக்கு முப்பது வயது. அவரிடம் பறவை பார்க்கக் கற்றுக்கொண்ட நாச்சிமுத்துவுக்கு அறுபது தாண்டிவிட்டது. யாராவது கேலி செய்தால், "எனக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டு நடப்பார்.

சாக்கடை தேங்கிக் கிடந்த வேடங்குளத்தைத் தூர்வார வைத்தவர் நாச்சிமுத்துதான். மூடிவிட்டுப் பார்க்கிங் கட்டலாம் என்று மல்லுக்கு நின்றவர் கீழ்க்கரைக் காலனிச் செயலாளர் அருணகிரி.

"பழையபடி ஒரு கானாங்கோழியாவது வரட்டும். அப்புறம் நான் வாயே திறக்கலைங்க" என்று அருணகிரி கூட்டத்தில் சொல்லியிருந்தார். தண்ணீர் தெளிந்தது, கோரை வளர்ந்தது, கோழி வரவில்லை. இந்த வருஷப் பறவைக் கணக்கெடுப்பிலும் தென்படாவிட்டால் பார்க்கிங் பேச்சு மறுபடி கிளம்பும்.

கணக்கெடுப்பு நாளன்று விடிந்ததும் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்தார்கள். மேல்கரைக்கு டீச்சர் கோஷ்டி, கீழ்க்கரைக்குக் காலனிக்காரர்கள். முக்குளிப்பான் இருந்தது. நாமக்கோழி குஞ்சுகளோடு இருந்தது. தட்டான்களுக்குக் கணக்கே இல்லை. நாச்சிமுத்துவுக்கு இதெல்லாம் கண்ணிலேயே படவில்லை.

டீச்சர் கொஞ்சம் முன்னால் போனதும் அவர் கோரைக்குள் நுழைந்தார். ஃபோனில் வைத்திருந்த கானாங்கோழிக் குரலை ஓடவிட்டார். பறவை பார்ப்பவர்கள் செய்யக்கூடாத வேலை அது. முதல் பாடத்திலேயே டீச்சர் சொல்லியிருந்தார்.

"குவாக்... குவாக்..."

கோரைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

மறுபடி ஓடவிட்டார். மறுபடி பதில். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டீச்சர்! வந்துருச்சுங்க! ஓடியாங்க!"

டீச்சர் வந்து காது கொடுத்தார். கோரைக்குள் இரண்டு குவாக் கேட்டது. அதன் பின்னாலேயே ஒரு பெண் குரல்: "ஆடித் தள்ளுபடி! எந்தச் சேலை எடுத்தாலும் பாதி விலை!"

கோரையை விலக்கிக்கொண்டு அருணகிரி வெளியே வந்தார். முழங்கால் வரை சேறு, கையில் ஃபோன்.

"அண்ணா, கேட்டீங்களா? நான் போட்டதுக்குப் பதில் சொல்லுதுங்..." நாச்சிமுத்துவின் கையிலிருந்த ஃபோனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க எதுக்குங்க கூப்பிட்டீங்க? அது வராட்டித்தான உங்களுக்கு நல்லது?"

"தினமும் இங்க நடக்க வர்றனுங்கண்ணா. வந்துட்டா நல்லாருக்கும்னு தோணிப்போச்சு."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டீச்சர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரு கூப்பிட்டும் வரலையே டீச்சர். இனி வருமாங்க?"

"அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு நெனச்சீங்கய்யா?"

"வா வான்னு கூப்பிடுதுன்னு..."

"இல்லைங்க. 'இது என் இடம், உள்ள வராதே'ன்னு அர்த்தம்."

அருணகிரி ஃபோனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். நாச்சிமுத்துவும் அணைத்தார். கோரை உரசுவது கேட்டது. எங்கேயோ ஒரு மீன் துள்ளி விழுந்தது.

வெகுநேரம் கழித்து நாச்சிமுத்து மெல்லக் கேட்டார்.

"அப்ப வான்னு சொல்றதுக்கு எந்தச் சத்தம்ங்க டீச்சர்?"

"இப்ப ஃபோனை அணைச்சதுக்கப்புறம் ரெண்டு பேரும் போட்டுட்டு நின்னீங்களே, அதுதானுங்க."