அசனச் சோத்துக்குத் தார்ப்பாய்

எங்க சர்ச்சுக் கோயில் அசன விருந்துக்கு அண்டா அண்டாவா சோறு வெந்துக்கிட்டிருந்துது. மேக்க மேகம் கறுத்துட்டு. தார்ப்பாய் கட்டலைன்னா ஊருக்கே கஞ்சிதான்னு சமையக்காரன் மாசிலாமணி கயித்தை எடுத்தான்.

சபைத்தலைவர் ஞானாபரணம் விரலை ஆட்டிக்கிட்டு வந்தார். "மழை பெய்யக்கூடாதுன்னு நான் ஜெபம் பண்ணியாச்சு. இனி தார்ப்பாய் கட்டினா அவிசுவாசம்லே! கயித்தைக் கீழ போடு."

"சரிங்கய்யா. கக்கத்துல குடை எதுக்கு?"

"அது... பட்டுச்சட்டை நனைஞ்சிரும்லா."

"அப்ப சட்டையை நீங்க பாத்துக்கிடுவீய, சோத்தை மட்டும் ஆண்டவர் பாக்கணுமாக்கும்?"

பந்திக்குக் காத்திருந்த சனம் சிரிச்சுட்டு. தலைவருக்கும் சிரிப்பு வந்துட்டு. அவரே குடையை வச்சிட்டு தார்ப்பாயில ஒரு முனையைப் பிடிச்சார். பிடிச்சுக்கிட்டே கேட்டார்: "அப்ப என் ஜெபம் வீணாலே?"

"வீணாப் போவுமாய்யா? தார்ப்பாயைக் காத்து தூக்கிட்டுப் போவாம இருக்க ஜெபம் பண்ணுங்க. முடிச்சை நான் பாத்துக்கிடுதேன்."