செண்பகம் பாட்டோட நாலாவது வரி

ஒரு ஊர்ல ஒரு சித்தி இருந்தா. பேரு ஜெயக்கனி. சிவகாசியில தெருவுக்கு நாலு அச்சாபீஸ் இருக்கும்ல, அதுல ஒண்ணுல காலண்டர் தாளை அடுக்கிக் குடுக்கிற வேலை அவளுக்கு.

"கெட்ட சித்தியா?"

நல்லவளா கெட்டவளான்னு அவளுக்கே அப்போ தெரியல. கேளு. அவ கல்யாணமாகி வந்த வீட்ல ஏற்கெனவே ஒரு பொண்ணு இருந்துச்சு. சுபிதான்னு பேரு, ரெண்டாங் கிளாஸ். அதோட அம்மா செண்பகம் காய்ச்சல்னு படுத்தவ, எந்திரிக்கவே இல்ல. அப்பா சந்தனக்குமாரு அச்சாபீஸ்ல மிஷின் ஓட்டுறவரு. விடிஞ்சாப் போயிருவாரு, பொழுது சாஞ்சுதான் வருவாரு.

சுபிதா சித்திகூட சண்டை போடாது. அழாது. பேசாது, அவ்வளவுதான். சோறு போட்டாச் சாப்பிடும். தலை பின்ன வந்தா திரும்பி உட்காரும். "வலிக்குதாம்மா?"ன்னா, "இல்ல"ங்கும். வீட்ல ஆள் இருந்தும் சத்தமில்லாம கிடந்தா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்துச்சு அந்த வீடு. கேக்குறியா?

"ம்."

அப்புறம் திருவிழா வந்துச்சு. ராட்டினத்துக்குப் பக்கத்துக் கடையில ஜெயக்கனி ஒரு குட்டி கீபோர்டு வாங்கிட்டு வந்தா. எட்டே எட்டு வெள்ளைக் கட்டை. ஒண்ணை அமுக்கினா டிங்குங்கும், இன்னொண்ணை அமுக்கினா டொய்ங்குங்கும். சுபிதா அதை வாங்கி அலமாரியில வச்சிருச்சு. ஒரு வாரம் தொடல.

அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், பிள்ளை தானா வந்து நின்னுச்சு.

"சித்தி, எங்கம்மா பாட்டு இதுல வருமா?"

"என்ன பாட்டும்மா?"

"என்னை மத்தியானம் தூங்க வைக்கிறப்போ பாடுவாங்க. வார்த்தை இருக்காது. ம்ம்ம்னு மட்டும் வரும். போன வருசம் நல்லா ஞாபகம் இருந்துச்சு. இப்போ கொஞ்சம் கொஞ்சமாப் போகுது."

ஜெயக்கனிக்குப் பாட்டும் தெரியாது, கீபோர்டும் தெரியாது. ஆனா அந்தப் பிள்ளை அவகிட்ட முதல் தடவையா ஒண்ணு கேட்டிருக்கு. "பாடும்மா, தேடிப் பார்ப்போம்"னா.

சுபிதா ம்ம்ம்னு முனங்குச்சு. சித்தி ஒத்தை விரலால தேடினா. டிங். இல்ல. டொய்ங். அதுவும் இல்ல. டீங். "ஆமா, இதுதான்." இப்படியே தேடித் தேடிச் சாயங்காலத்துக்குள்ள ஒரு வரி சிக்கிருச்சு. ரெண்டு பேரும் பத்துத் தடவை வாசிச்சாங்க. மறுநாள் வந்து உட்கார்ந்தா, எது முதல் கட்டைன்னே தெரியல. சித்திக்கும் மறந்துபோச்சு, பிள்ளைக்கும் மறந்துபோச்சு. எல்லாக் கட்டையும் வெள்ளையால்ல இருக்கு.

"எழுதி வைக்கலாம்ல?"

என்னன்னு எழுதுவா? அந்த சத்தத்துக்கெல்லாம் பேரு இருக்குன்னே அவளுக்குத் தெரியாது. யோசிச்சுக்கிட்டே வேலைக்குப் போனா. அங்க காலண்டர் தாள் ஓரத்துல குட்டிக் குட்டியா கலர்க் கட்டம் இருக்கும், மை சரியா விழுதான்னு பார்க்குறதுக்கு. கட்டிங் மிஷின் சரக்குனு அதை வெட்டிக் கீழ தள்ளும், குப்பைதான். சூப்பர்வைசர்கிட்டக் கேட்டு, அதுல ஒரு கை அள்ளி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. கலர் பத்தலைன்னு காலண்டர் படத்துக் கழிவுல இருந்து பச்சையும் ஊதாவும் வெட்டிக்கிட்டா.

அப்புறம் மைதாப் பசை காய்ச்சி, கட்டைக்கு ஒரு கலரா ஒட்டினா. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், அப்படியே வரிசையா. அதே கலரை ஒரு நோட்டுலயும் ஒட்டினா. இழுத்துப் பாடுற இடத்துக்கு நீளத் துண்டு, சட்டுனு போற இடத்துக்குக் குட்டித் துண்டு. சுபிதா நோட்டைப் பார்த்து வாசிச்சுச்சு. பச்சை, பச்சை, நீலம், பச்சை, மஞ்சள். வந்திருச்சு, அம்மா பாட்டு. முதல் வரி வந்துச்சு, ரெண்டாவது வரியும் வந்துச்சு.

மூணாம் நாள் காலையில நோட்டைத் திறந்தா, பொத்தல் பொத்தலா இருக்கு. பசை வாசத்துக்குக் கரப்பான் வந்து அரிச்சுட்டுப் போயிருக்கு. ரெண்டாவது வரி பாதியைக் காணோம்.

சுபிதா கிழிஞ்ச தாளைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. ஜெயக்கனி பைண்டிங் பண்றவங்ககிட்டக் கேட்டு, பசையில மயில்துத்தம் கலந்துக்கிட்டா. அது விஷம், கரப்பான் கிட்ட வராது. பிள்ளையைக் கையே வைக்க விடாம, நோட்டுல மட்டும் மறுபடி முதல்ல இருந்து அவளே ஒட்டினா. மூணாவது வரியும் சிக்கிருச்சு. நாலாவது வரிக்குத்தான் வந்துச்சு வம்பு. பிள்ளை வாயைத் திறக்கும், மூணாவது வரி முடியும், அங்கயே நின்னுரும். என்ன பண்ணியும் வரல. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்போ ஒருநாள் அப்பா வேலை முடிஞ்சு வந்தாரு. சுபிதா மூணு வரியையும் வாசிச்சுக்கிட்டு இருந்துச்சு. தூக்குவாளியோட வாசல்ல நின்னு கேட்டுட்டு, "நல்லாருக்கே, என்ன பாட்டு இது?"ன்னு கேட்டாரு.

ஜெயக்கனி அவரையே பார்த்தா. "உங்களுக்குத் தெரியலையா? செண்பகம் அக்கா பாடினதாம்."

அவருக்கு எப்படித் தெரியும்? செண்பகம் பாடுன மத்தியானமெல்லாம் அவரு மிஷின்கிட்டல்ல நின்னாரு. தூக்குவாளியைக் கீழ வச்சுட்டு அப்படியே படியில உட்கார்ந்துட்டாரு. "இன்னொரு தடவை வாசி தாயி"ன்னாரு. சுபிதா வாசிச்சுச்சு. அவரு அன்னிக்கு ராத்திரி சாப்பிடல.

அப்புறம் ஜெயக்கனி பிள்ளையைக் கூட்டிக்கிட்டு சாத்தூருக்கு பஸ் ஏறினா. அங்க செண்பகத்தோட அக்கா இருந்தாங்க. அந்தப் பெரியம்மா மூணு வரியையும் தலையைச் சாய்ச்சுக் கேட்டாங்க.

"எங்க வீட்ல யாரும் இப்படிப் பாடினதில்லையே. செண்பகம் பாடுவாளா? எனக்கே நீ சொல்லித்தான் தெரியுது"ன்னு சொல்லி, சேலையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

அப்போ தெரிஞ்சு போச்சு. அது செண்பகமா கட்டின பாட்டு. உலகத்துலயே அதைக் கேட்டது இந்தப் பிள்ளை ஒண்ணுதான்.

பஸ் கடகடன்னு திரும்பி வருது. சன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே சுபிதா சொல்லுச்சு, "நான் தூங்கிருவேன் சித்தி."

"தூங்கும்மா, ஊர் வந்தா எழுப்புறேன்."

"இப்போ இல்ல. அம்மா பாடுறப்போ. நாலாவது வரியை ஆரம்பிக்கிறப்பவே தூங்கிருவேன். நான் முழிச்சிருந்திருக்கணும்."

ஜெயக்கனி, "நீ தூங்கணும்னுதானம்மா அவங்க பாடினாங்க"ன்னா. பிள்ளை அப்படியே சாஞ்சு அவ தோள்மேல தலையை வச்சுக்கிச்சு. ஊர் வர்ற வரைக்கும் அவ அசையாம உட்கார்ந்திருந்தா, கை மரத்துப்போச்சு.

வீட்டுக்கு வந்து ஜெயக்கனி மிச்சக் கலரை எல்லாம் தரையில பரப்பினா. "நாமளே ஒரு வரி வச்சுக்குவோமா? நல்லா வர்ற வரைக்கும் தேடுவோம்."

சுபிதா ஒரு பச்சைத் துண்டை எடுத்துப் பார்த்துட்டு, திரும்ப அங்கயே வச்சிருச்சு.

"வேணாம் சித்தி. நீங்க வச்சா நல்லாத்தான் இருக்கும். கொஞ்ச நாள்ல, அம்மா பாடினது அதுதான்னு நான் நினைச்சுக்குவேன்."

சித்தி எல்லாத்தையும் பொறுக்கி ஒரு கவர்ல போட்டு மடிச்சு வச்சுட்டா.

அந்த நோட்டுல மூணு வரி கலரா இருக்கும். அதுக்குக் கீழ வெறுந்தாளு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சுபிதா வாசிக்கும், சித்தி பக்கத்துல வந்து உட்காருவா. மூணாவது வரி முடிஞ்சதும் பிள்ளை கையை எடுத்து மடியில வச்சுக்கும். நாலாவது வரி பாடி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், ரெண்டு பேரும் பேசாம உட்கார்ந்திருப்பாங்க. அப்புறம் எந்திரிச்சு அவங்கவங்க வேலையைப் பார்ப்பாங்க.

"அந்த வரி கிடைக்கவே இல்லையா?"

இல்ல கண்ணு. கிடைக்கல.

"ம்."

கதை இம்புட்டுதான். காலைப் போர்வைக்குள்ள இழுத்துக்கோ. தூங்கு.