நிலா என்று விற்ற நகம்

குளத்தங்கரைச் சந்தையில் செவ்வாய்தோறும் முள்ளம்பன்றி வேலாயி கடை விரிப்பாள். விரித்ததை அப்படியே சுருட்டிக்கொண்டு வீட்டுக்கும் போவாள்.

அவள் விற்க வந்தது படம். காய்ந்து விழுந்த பாக்குமட்டையைத் தட்டி நீவி, நாவற்பழச் சாறும் காட்டுமஞ்சளும் செம்மண்ணும் குழைத்து, தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள்ளாலேயே வரைவாள். தடித்த முள் பட்டையாகப் பூச, மெல்லிய முள் மயிரிழை இழுக்க. அந்தக் காட்டில் கைவேலை தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. கருவியை முதுகிலேயே சுமந்து திரிகிறவள் இவள் ஒருத்திதான்.

படத்தில் ஒரு குறையும் இல்லை. குறை முதுகில் இருந்தது. யாராவது கடை முன் நின்று "அட" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வேலாயிக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து பொங்கிவிடும். பொங்கினால் முட்கள் நிமிரும். நிமிர்ந்தால் சடசடவென்று சத்தம் போடும். பாராட்ட வந்த முயல் பத்து மரம் தாண்டித்தான் மூச்சு விடும். மூன்று மாதத்தில் அவள் விற்றது ஒரே ஒரு படம். வாங்கியவர் ஆமை. அவரும் ஓட முடியாததால்தான் வாங்கினார் என்று சந்தையில் பேச்சு.

ஆகவே வேலாயி ஒரு வழி கண்டுபிடித்தாள். தலையைத் தூக்கினால்தானே யார் வருகிறார்கள் என்று தெரியும்? தெரிந்தால்தானே முள் நிமிரும்? அன்று குனிந்தவள்தான். கடைக்குள் உட்கார்ந்து நிமிராமல் வரைந்துகொண்டே இருந்தாள்.

குனிந்த கண்ணுக்கு என்ன தெரியும்? கால்தான் தெரியும். மானின் குளம்பு, கொக்கின் விரல், கரடியின் பித்தவெடிப்பு என்று சந்தையில் நடக்கிற கால்களையெல்லாம் வரைந்து தள்ளினாள். கால் எந்த அளவோ படமும் அந்த அளவு. கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். யானையின் கால் மட்டைக்குள் அடங்காததால் ஒற்றை நகத்தோடு நிறுத்திக்கொண்டாள். ஆனால் எந்தக் கால்காரரும் கிட்டே வந்து பார்த்தால்தானே!

மழைக்காலம் நெருங்கியது. வளையில் ஒரு கிழங்கு கூடச் சேரவில்லை. கிழங்கு தோண்டும் கூட்டத்துக்குத் தலைவரான காட்டுப்பன்றி மாடசாமி அண்ணாச்சி நல்ல மனசுக்காரர். அவரே தேடி வந்து வேலைக்குக் கூப்பிட்டார்.

"விடிஞ்சு போனா பொழுது சாஞ்சுதான் வரணும், தாயி. படம் கிடமெல்லாம் அங்க ஆகாது. ஆனா வயிறு காயாது."

இன்னும் இரண்டு செவ்வாய் பொறுத்துக்கொள்ளும்படி வேலாயி கேட்டுக்கொண்டாள். அதற்குள் பிழைப்புக்கு வழி பிறக்காவிட்டால் முள்ளை மூட்டை கட்டிவிட்டுத் தோண்ட வருவதாக வாக்கும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அவர் போனதும் அழுதாள். வரையாத நாள் ஒன்று எப்படி இருக்கும் என்று அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அழுகிற சத்தம் கேட்டு இறங்கி வந்தான் கரிச்சான் குருவி சொக்கன். சொக்கனுக்குச் சந்தையோரத்து இலவமரத்தின் உச்சிக்கிளையில் ஒரு கடை. கடை என்றால் சரக்கு கிடையாது, குரல் மட்டும்தான். உச்சியில் உட்கார்ந்து, யாரிடம் என்ன விற்பனைக்கு இருக்கிறது என்று கூவுவான். அடுத்த மலையில் அவன் சித்தப்பா மகன் அதைக் கேட்டுக் கூவுவான். அதற்கடுத்த மலையில் மாமா. இப்படி அரை நாளில் ஏழு மலைக்கும் சேதி போய்விடும். கேட்டவருக்குப் பிடித்திருந்தால் "கூ" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் கூ மரம் மரமாகத் தாவித் திரும்பி வரும். வாங்குகிறவர் சரக்கைப் பார்க்க வேண்டியதில்லை. விற்கிறவர் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை.

முகத்தைக் காட்ட வேண்டியதில்லை என்றதுமே வேலாயிக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது.

முதல் நாள் சொக்கன் உள்ளபடியே கூவினான். "முயல் கால் படம், மான் குளம்பு படம், யானை நகம் படம்!" மூன்று கூ வந்தது. அதில் ஒன்று குயிலுடையது. அது எப்படியும் கூவியிருக்கும்.

சொக்கன் தலையைச் சொறிந்தான். "கால்னு சொன்னா எவன் வாங்குவான், அக்கா? பேசாம இருங்க. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் மான் குளம்பு 'இரு மலை நடுவே பள்ளத்தாக்கு' ஆனது. கொக்கின் விரல் 'மூங்கில் காட்டில் மழை' ஆனது. யானை நகம் 'மலைமேல் முழு நிலா' ஆகிவிட்டது. அது நகம்தானே தம்பி என்று வேலாயி மெல்லக் கேட்டுப் பார்த்தாள். பார்க்கிறவர் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதுதான் படம் என்று சொக்கன் பெரிய வார்த்தையாகச் சொன்னான். வேலாயி பதில் தேடுவதற்குள் கூ வந்து கொட்ட ஆரம்பித்துவிட்டது.

பத்து கூ, நாற்பது கூ, முந்நூறு கூ! போகிற வழியில் சித்தப்பா மகன் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தான், மாமா கொஞ்சம் சேர்த்தார். ஏழாவது மலைக்குப் போனபோது அந்த நிலா பாறையளவு பெரிதாகி, இருட்டில் வெளிச்சம் வேறு தந்தது. பக்கத்தில் படுத்தால் உண்ணி கடிக்காது என்றும் கேள்வி. மலைக்கு மலை அணில்கள் கிழங்கைக் கொண்டுவந்து குவித்துவிட்டுப் படத்தை எடுத்துப் போயின. வேலாயி சாப்பிடக்கூட நேரமில்லாமல் வரைந்தாள். குவிந்த கிழங்கு குவிந்தபடியே கிடந்தது. நாள் முழுக்க முள் நிமிர்ந்தபடியே நின்றது. யாரும் பயந்து ஓடவில்லை. ஓடுவதற்கு அங்கே யாரும் இல்லை.

மாடசாமி அண்ணாச்சிக்கு, தோண்ட வரவில்லை என்று அணிலிடம் சொல்லியனுப்பினாள். சொல்லியனுப்பிவிட்டு வளைக்குள் தனியாக ஒரு ஆட்டமும் போட்டாள். முள் குத்திக் கூரையெல்லாம் ஓட்டை.

இரண்டாவது செவ்வாய் வந்தது. சந்தையில் வழக்கம்போலக் கடை விரித்துத் தலை குனிந்து உட்கார்ந்தாள். புழுதி கிளம்பியது. கடை முன் கால்கள் வந்து நின்றன. ஒன்றல்ல, இரண்டல்ல. தலை நிமிராமலே அவளுக்கு ஒவ்வொருவரையும் அடையாளம் தெரிந்தது. இது மான். இது கொக்கு. இது கரடி. எல்லோருக்கும் முன்னால், ஓரத்தில் விரிசல் விட்ட நகத்தோடு, ராஜாத்திப் பெரியம்மா என்று காடே மரியாதையோடு கூப்பிடும் கிழ யானை. கொக்கின் அலகிலும் யானையின் துதிக்கையிலும் மற்றவர் வாயிலும் பாக்குமட்டைகள்.

"ஏம்மா, முழு நிலான்னாங்க. பாறை பெருசுன்னாங்க," என்றது யானை. "இது என்ன, வெட்டிப் போட்ட சுரைக்காயா?"

பின்னாலிருந்து கரடி, தன் பள்ளத்தாக்கு எங்கே என்று கேட்டது. இருட்டில் வெளிச்சம் வரும் என்று நம்பிப் போய்ப் பாறையில் மோதிக்கொண்ட மான் நெற்றி வீக்கத்தைக் காட்டியது. கூட்டத்தின் ஓரத்தில் மாடசாமி அண்ணாச்சியின் குளம்பும் தெரிந்தது. கேட்டு வாங்கிய கெடு அன்றோடு முடிகிறது, அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று வேலாயிக்குத் தெரியும்.

இலவமரத்தின் கீழ்க்கிளைக்கு இறங்கி வந்து சொக்கன் கிசுகிசுத்தான். "நிலாதான்னு சொல்லிருங்க, அக்கா. தள்ளி நின்னு, கண்ணைச் சுருக்கிப் பாக்கச் சொல்லுங்க."

சொல்லிவிடலாம்தான். சொன்னால் பாதிப் பேராவது தலையாட்டிவிட்டுப் போவார்கள், கிழங்கும் மிஞ்சும். ஆனால் வேலாயிக்கு அந்த விரிசல் கண்ணில் பட்டது. அந்த ஒரு விரிசலுக்காக மூன்று முள்ளை மாற்றி மாற்றி ஒரு முழு நாள் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் போய் நிலா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

தலையை நிமிர்த்தினாள். முள்ளும் நிமிர்ந்தது. சடசடவென்ற சத்தத்தில் கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. கோபமாக வந்தவர்கள் என்பதால் ஓடவில்லை.

"நிலா இல்லீங்க, பெரியம்மா. அது உங்க நகம். இடது முன்னங்கால்ல ரெண்டாவது. நிலான்னு சொன்னப்ப நான் வாயை மூடிட்டு இருந்தது என் தப்பு. உங்க கிழங்கெல்லாம் வளையிலதான் இருக்கு, எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டு முள்ளையெல்லாம் பொறுக்கி மூட்டை கட்ட ஆரம்பித்தாள். இனி என்ன, விடிந்தால் தோண்டத்தான் போக வேண்டும்.

யானைக்குத் தன் நகம் எப்படி இருக்கும் என்று தெரியாது. குனிந்தால் துதிக்கை மறைக்கும். காலைத் தூக்கினால் உடம்பு சாயும். கொக்கைக் கூப்பிட்டு, படத்தைக் காலோடு வைத்துப் பார்க்கச் சொன்னது. கொக்கு படத்தைப் பார்த்தது, நகத்தைப் பார்த்தது, மறுபடி படத்தைப் பார்த்தது.

"அளவு அச்சா பொருந்துது, பெரியம்மா. விரிசல் இருக்கு. விரிசல்ல ஒட்டின செம்மண்ணு கூட இருக்கு."

யானையின் கண் கலங்கியது. "அறுபது வருசமா இந்தக் கால்லதான் நடக்கறேன். அதுக்கு ஒரு முகம் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

அவ்வளவுதான். சந்தை தலைகீழானது. எல்லோரும் தங்கள் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். மான் தூக்கிப் பார்த்துக் குப்புற விழுந்தது. கரடி மல்லாந்து படுத்து நான்கு பாதங்களையும் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டது. கொக்குக்கு மட்டும் சிரமமில்லை, அது ஏற்கெனவே ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. "உங்க கால் எங்கிட்ட இருக்கு!" "என் கால் யார்கிட்ட?" என்று ஒருவர் படத்தை ஒருவர் மாற்றிக்கொண்டார்கள். கரடி வாங்கிய பள்ளத்தாக்கு மானிடம் போய்ச் சேர்ந்தது. கிழங்கைத் திருப்பிக் கேட்க வந்தோம் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. எல்லாக் களேபரத்தையும் பார்த்துப் பாம்பு மட்டும் முகம் வாடிக் கிடந்தது. வாலின் நுனியை வரைந்து தருகிறேன் என்று வேலாயி சொன்ன பிறகுதான் அது தலை தூக்கியது.

கடைசியில் மாடசாமி அண்ணாச்சி மெல்ல முன்னால் வந்து, கூச்சத்தோடு ஒரு காலை நீட்டினார்.

"நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லத்தான் வந்தேன். அது கிடக்கட்டும். என் குளம்பு ஒண்ணு போட்டுத் தா, தாயி. சேத்தோட போடணும். கழுவ மாட்டேன்."

வேலாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முட்கள் சிலிர்த்தன. இந்த முறை யாரும் அஞ்சவில்லை. அவளுக்குச் சந்தோஷம், தள்ளி நில்லுங்கள் என்று யானையே கூட்டத்தை ஒதுக்கிவிட்டு, துதிக்கையால் மண்ணில் ஒரு கோடு கிழித்தது. பாராட்டுகிறவர்கள் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பாராட்டினால் போதும்.

கூட்டம் கலைந்த பிறகு சொக்கன் மெதுவாக இறங்கி வந்தான். நாளையிலிருந்து என்னவென்று கூவட்டும் என்று தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"கால்னு கூவு," என்றாள் வேலாயி. "யாரு காலு, எவ்வளவு பெருசுன்னும் சேத்துக் கூவு."

மறுநாள் சொக்கன் அப்படியே கூவினான். சித்தப்பா மகனிடமும் மாமாவிடமும் ஒரு சொல் கூட்டக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். அன்று முந்நூறு கூ வரவில்லை, பதினொன்றுதான் வந்தது. குயிலையும் சேர்த்து. ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பதினொரு பேரும் சந்தைக்கு நேரில் வந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்று, ஆளுக்கொரு காலைத் தூக்கிக் காட்டினார்கள்.

தன் படைப்பு இன்னதென்று உள்ளபடி சொல்லி அதன் பக்கத்தில் தானும் நிற்கிற கலைஞரைத் தேடித்தான் அதை விரும்பி வாங்குகிறவர்கள் வருவார்கள்.