முந்திரிக் கொட்டகைப் பாட்டு

முந்திரிக் காட்டை ஒட்டி ஓர் ஆசிரமம். குருவின் பெயர் மெய்யடிகள். சீடன் சபாநாதன், அவனுக்கும் ஏறக்குறைய குருவின் வயதுதான். பட்டணத்தில் பெரிய கம்பெனியில் ஆட்களை மேய்த்து ஓய்ந்துபோய், நிம்மதி தேடி வந்தவன். வந்த இடத்திலும் ஆட்களை மேய்க்கும் வேலைதான் அவனுக்குக் கிடைத்தது. ஆசிரமத்தின் முந்திரிக் கொட்டகை அவன் பொறுப்பு.

கொட்டகையில் ஊர்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வறுத்து உடைத்த பருப்பின் மேல்தோலை நகத்தால் உரிப்பார்கள். உரிக்கும்போது பாடுவார்கள். மெய்யடிகளின் புகழ் பாடும் பாட்டு. காலையில் எடுத்தால் பொழுது சாயும்வரை ஓயாது. பழைய மேஸ்திரி விட்டுப்போன வழக்கம் அது. பாட்டு நிற்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். ஏன் என்று சபாநாதன் கேட்கவில்லை. பாட்டு என்றால் சந்தோஷம். அதில் கேட்க என்ன இருக்கிறது?

ஒருநாள் குருவின் முன் வந்து நின்றான்.

"சுவாமி, வேலை செய்கிற இடத்தில் மனிதர்கள் மகிழ்ச்சியாக இருக்க முடியுமா என்று பட்டணத்தில் மாநாடு போட்டுப் பேசுகிறார்கள். நம் கொட்டகையை வந்து பார்த்தால் தெரியும்."

"எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா?"

"ஒருத்தியைத் தவிர. கொளஞ்சி என்று பெயர். சில நாளாக வாயே திறப்பதில்லை. ஒரு முகம் தொங்கினால் கொட்டகையே சுணங்கிவிடும். அதனால் காலையில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். சரிதானே, சுவாமி?"

"வேலையில் குறையா?"

"வேலையில் குறை சொல்ல முடியாது. மனதில் ஈடுபாடு இல்லையே."

குரு எழுந்தார். "வா, பார்ப்போம்."

கொட்டகை வாசலில் கொளஞ்சி சோற்றுத் தூக்கோடு நின்றிருந்தாள். வீடு காட்டுக்கு அந்தப் பக்கம். சேர்ந்து வந்தவர்களோடு சேர்ந்து போகக் காத்திருந்தாள்.

"ஏம்மா, பாட்டுப் பிடிக்கலையா?" என்றார் குரு.

"பாட்டு என்ன சாமி பண்ணுச்சு? கொட்டை வறுக்கற புகை தொண்டையில ஏறிக்கிச்சு. பேசறதே பெரும்பாடா இருக்கு. கை நல்லாத்தான இருக்குன்னு அய்யாகிட்ட கெஞ்சிப் பாத்தேன். ரெண்டு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு எங்க போவேன்னும் சொல்லிப் பாத்தேன். இனிமே கெஞ்சத் தெம்பு இல்ல."

"எதுக்கு ஓயாமப் பாடறீங்க? பாடினா அலுப்புத் தெரியாதுன்னா?" என்று கேட்டார் குரு.

கொளஞ்சி சபாநாதனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அய்யாவுக்கு நெசமாவே தெரியாதா? வாயில பருப்பு இருந்தா பாட்டு வராதுல்ல. அதுக்குத்தான் பாட்டு. எவ நிறுத்துறாளோ, அவ தின்னுட்டான்னு அர்த்தம்."

உள்ளேயிருந்து ஒரு கிழவி குரல் கொடுத்தாள். "உன் பேரச் சொல்லித்தான் சாமி எங்க வாயக் கட்டி வச்சிருக்காங்க!"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கிழவி அவசரமாக அடுத்த அடியிலிருந்து பாட்டில் சேர்ந்துகொண்டாள்.

குரு பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு கை பருப்பை அள்ளினார். "வாயைத் திற" என்றார். சபாநாதன் திறந்தான். அத்தனையையும் திணித்தார்.

"பாடு."

சபாநாதன் பாடப் பார்த்தான். தூள் பறந்தது. புரையேறிக் கண்ணில் நீர் வந்தது. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கின. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

குரு உள்ளே போய்க் கையை உயர்த்தினார்.

"இன்னிக்குப் பாட்டு வேண்டாம். வேணுங்கறத எடுத்துத் தின்னுங்க. யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க."

பாட்டு நின்றது. அந்தக் கொட்டகை மௌனமாக இருந்து சபாநாதன் கேட்டதே இல்லை. நகம் தோலை உரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கையும் வாய்க்குப் போகவில்லை. எல்லோர் பார்வையும் சபாநாதனின் காலடியிலேயே இருந்தது. விரல்கள் முன்னைவிட வேகமாக உரித்தன.

கொளஞ்சி தூக்கை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். முதல் தட்டிலிருந்து உடையாத முழுப் பருப்பாகப் பார்த்துப் பொறுக்கினாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். தொண்டையைத் தடவிக்கொண்டே ஒன்றை மெதுவாக மென்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு இன்னொன்று.

சபாநாதன் குருவின் காதருகே குனிந்தான்.

"சுவாமி, தாங்களே சொன்ன பிறகும் இத்தனை பேரில் ஒருத்திகூடத் தொடவில்லை. அவள் மட்டும் எப்படி இவ்வளவு நிம்மதியாகத் தின்கிறாள்?"

"அவளைத்தான் நீ காலையிலேயே நிறுத்திவிட்டாயே" என்றார் குரு.